அக்கா வீட்டை அளக்கப் போனேன்

பெருங்களத்தூரில் முப்பது வருடமாக வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறேன். முப்பதுக்கு நாற்பது மனையில் மூன்று பெட்ரூம், கார் நிறுத்த இடம், பூஜை அறை என்று கேட்பவர்களுக்கு அத்தனையையும் எப்படியாவது உள்ளே நுழைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அளவெடுக்க நான் போன தூரமெல்லாம் வடக்கே பொழிச்சலூர், கிழக்கே பள்ளிக்கரணை, தெற்கே கூடுவாஞ்சேரி. அதனால் சரோஜா அக்கா இங்கிலாந்திலிருந்து ஃபோன் செய்து, "நீ வந்து என் வூட்டை அளந்து குடுடி" என்றபோது விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

விளையாட்டில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலிதான். வாசலில் ஐந்து கல்படி. சாய்தளம் போடலாம் என்றால் வீடு அரசாங்கப் பட்டியலில் இருக்கும் பழைய வீடு; ஒரு கல்லை அசைப்பதானாலும் அனுமதி வேண்டும். அனுமதிக்கு வரைபடம் வேண்டும். வரைந்து கொடுக்க அங்கே ஆள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமாம். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து தூக்கி இறக்குகிறார்கள். மற்றபடி அவள் வெளியே போவதில்லை. "மூட்டை மாதிரி தூக்கினு போறாங்க. அந்த நேரத்துக்கு நான் கண்ண மூடிக்குவேன்" என்றாள். எதுவும் முடியாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவதாக அவளும் அவள் கணவர் பீட்டரும் பேசி வைத்திருந்தார்கள்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது பெருங்களத்தூரில் பயிர் வைத்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, அண்ணன் இப்போது ஜல்லி, மணல் வியாபாரம். நாற்பது வருடத்துக்கு முன்னால் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன அக்கா, அங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பீட்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா சாகிறவரை அவள் பெயரை வாயால் சொல்லவில்லை. இரண்டு முறை ஊருக்கு வந்தாள். இரண்டு முறையும் தாம்பரத்தில் ஒரு லாட்ஜில்தான் தங்கினாள். அம்மாவும் நானும் அங்கே போய்ப் பார்த்தோம். அம்மா கொண்டுபோன கேரியரைத் தரையில் வைத்து உட்கார்ந்து, அக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது.

லண்டனிலிருந்து மேற்கே மூன்று மணி நேர ரயில் என்று பீட்டர் சொல்லியிருந்தார். பாதி வழியில் தண்டவாள வேலை, மீதிக்குப் பஸ் என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு சத்தமில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் பத்து நிமிடம் தாமதமானால் பிளாட்பாரமே நியாயம் பேசும். இங்கே நூற்றுக்கணக்கானவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு தூறலில் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் இரண்டு வயதான பெண்கள்.

"மார்கரெட் இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டாளே, எப்படி இருக்கிறாள்?"

"நடன வகுப்புக்குப் போகிறாள். அவள் புருஷன்தான் பாவம், அவனும் போக வேண்டியிருக்கிறது."

பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். தீபாவளிக் கூட்டத்தில் பெருங்களத்தூரில் நின்றும் நிற்காமலும் நகரும் பஸ்ஸிலிருந்து குதிக்கிறவர்கள் டிரைவருக்குச் சொல்லும் வார்த்தை வேறு. நானும் நன்றி சொல்லிவிட்டு கம்பீரமாக இறங்கினேன், ஒரு நிறுத்தம் முன்னதாகவே. பஸ் போய்விட்டது. சுற்றிலும் ஆடுகள். நாயோடு வந்த ஒரு பெண்மணி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பீட்டர் கார் எடுத்துக்கொண்டு வரும்வரை அரைமணி நேரம் என்னோடு குடை பிடித்து நின்றார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாயின் பெயரை மட்டும் மூன்று முறை சொன்னார்.

பீட்டருக்கு எழுபது தாண்டிவிட்டது. உயரம், முதுகு மட்டும் முன்பக்கம் வளைந்திருந்தது. "மாமா" என்றேன். அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகள் இருபது இருக்கலாம். அதில் இது ஒன்று. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். தேன் நிறக் கல்லில் மூன்று மாடி. ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு ராஜாக்கள் வரிசையாக ஆண்ட காலத்துப் பாணி. அதனால் இந்த வகை வீட்டுக்கே ஜார்ஜியன் என்று பெயர். நடுவில் கதவு. அந்தப் பக்கம் இரண்டு ஜன்னல், இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல். மேலே ஐந்து, அதற்கும் மேலே ஐந்து. மேலே போகப் போக ஜன்னல் சிறுத்துக்கொண்டே போகிறது. கதவின் தலையில் விசிறி விரித்த மாதிரி அரைவட்டக் கண்ணாடி. சன்ஷேட் இல்லை, எலிவேஷன் என்று முகப்பில் ஒட்டிய டைல்ஸ் இல்லை, தூணில் சிங்கம் இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் உள்ள அளவு மட்டும்தான் அழகு. முப்பது வருடமாக நான் மனிதர்களுக்கு விற்கப் பார்த்து விற்க முடியாமல் போன விஷயம் அது.

பீட்டரின் அம்மா இதில் அறை அறையாக வாடகைக்கு விட்டுப் பிழைத்தவராம். மகனுக்கு வீட்டையும், வீட்டின் ஒழுகலையும் விட்டுப் போயிருக்கிறார்.

அக்கா கீழ்த்தளத்தில் சாப்பாட்டு அறையில் இருந்தாள். மாடி ஏற முடியாததால் கட்டிலை அங்கே கொண்டுவந்து ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். முடி முழுக்க வெளுத்திருந்தது. வலது கையை நீட்டினாள்.

"வாடி. இளைச்சிப் போய்க் கீற. வழியில இன்னா துன்ன?"

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்ட பேச்சு. 'இன்னா' என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளைத் திருத்துகிறோம். நாற்பது வருடம் பேச ஆளில்லாமல் அது அவளிடம் அப்படியே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு கவர் போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருந்த கருவாட்டை அன்று மாலையே பிரிக்கச் சொன்னாள். வாணலியில் போட்ட இரண்டாவது நிமிடம் கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. பீட்டர் துண்டை வீசிக்கொண்டு அறை அறையாக ஓடினார். அக்கா மூச்சு முட்டச் சிரித்தாள். அப்புறம் மூவரும் ரசம் சோறும் கருவாடும் சாப்பிட்டோம். பீட்டர் முள்ளை எடுக்கும் நேர்த்தியைப் பார்த்தால் காசிமேட்டில் பிறந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

கை கழுவப் போன இடத்தில்தான் அம்மாவின் படத்தைப் பார்த்தேன். நடைவழிச் சுவரில், சின்ன பல்பின் கீழே. படத்துக்கு அடியில் அக்கா தன் கையெழுத்தில் அம்மா இறந்த தேதியை எழுதியிருந்தாள். அந்தத் தேதி தவறு. இரண்டு நாள் தள்ளி எழுதியிருந்தது. தவறாக எழுத வைத்தவள் நான்.

மறுநாள் வெளிப்புறம் அளந்தேன். டேப்பின் ஒரு முனையைப் பீட்டர் பிடித்தார், மறுமுனையை நான். முன்பக்கம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வாசலில் சாய்தளத்துக்கு வழியில்லை. ஐந்து படி ஏறிய உயரத்துக்கு நாற்பது அடி நீளமாவது சரிவு வேண்டும். நடைபாதையே ஐந்தடிதான். பின்பக்கச் சமையலறைக் கதவுக்குப் போகும் நடை இரண்டடி ஒரு அங்குலம், அதிலும் ஒரு திருப்பம், திருப்பத்தில் படி. நாற்காலி திரும்பாது.

மேல்மாடி வலது ஓர ஜன்னல் ஜன்னலே இல்லை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். உள்ளே புகைபோக்கி ஓடுகிறது. வெளியே ஐந்து வேண்டுமே என்பதற்காகக் கல்லில் குழித்து, கறுப்புப் பூசி, வெள்ளையில் கட்டம் வரைந்து வைத்திருக்கிறார்கள். வாஸ்துவுக்காக இருக்கிற ஜன்னலை அடைத்துக் கொடுத்திருக்கிறேன். அழகுக்காக இல்லாத ஜன்னலை வரைந்து வைத்ததை இங்கேதான் பார்த்தேன். பீட்டரிடம் சொன்னபோது, "சின்ன வயதில் அந்த அறைக்கு வழி தேடி நான் அழுதிருக்கிறேன்" என்றார்.

மூன்றாம் நாள் உள்ளே. டேப்பின் முனையை அக்காவே பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல கையால் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, நான் எண்ணைச் சொன்னால் தன் மடியில் இருந்த நோட்டில் எழுதினாள். முன்னறை முடித்து, நடைவழிக்கு வந்தோம். அம்மாவின் படத்துக்கு நேர் கீழே டேப்பை வைத்துக்கொண்டு, "எவ்ளோடி?" என்றாள்.

எனக்கு எண் கண்ணில் படவில்லை.

"அக்கா, அந்தத் தேதி தப்பு" என்றேன்.

"எந்தத் தேதி?"

சொல்லிவிட்டேன். அம்மா போனது அதற்கு இரண்டு நாள் முன்னால். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். 'அவகிட்ட சொன்னா, நான் வர வரைக்கும் வெச்சிருங்கன்னு அழுவா. முடிச்சிட்டு சொல்லிக்கலாம்' என்றார் அண்ணன். சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் நான் ஃபோன் செய்தேன். 'இன்னிக்குக் காலையில' என்று சொன்னேன். அவள் அழுதாள், ஒரே ஒரு நாள் வைத்திருங்கள், அடுத்த விமானத்தில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். 'முடியாதுக்கா, எடுக்கப் போறாங்க' என்றேன். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அக்கா டேப்பின் முனையை விட்டுவிட்டாள். அது சரசரவென்று என் கைக்குள் சுருண்டு வந்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மதியம் பேசவில்லை. பீட்டர் ரொட்டியும் சூப்பும் வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்காமல் தட்டுகளை எடுத்துப் போனார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அளக்க வந்தவள், பாதியில் எப்படிப் போவது? சாப்பாட்டு அறை மட்டும் மீதி. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, கட்டிலை நகர்த்திவிட்டு நான் தனியாக அளக்க ஆரம்பித்தேன்.

அந்த அறையில் மூன்று ஜன்னல். தெருப் பக்கம் இரண்டு, பக்கவாட்டுத் தோட்டத்தைப் பார்த்து ஒன்று. மூன்றுக்கும் கீழே, தரைவரை, ஒரே மாதிரி மரப்பலகை வைத்திருந்தது. சுவர்க் கனம் எழுதுவதற்காகத் தட்டிப் பார்த்தேன். தெருப் பக்கப் பலகை இரண்டும் 'டொக்' என்றன. பின்னால் கல் இருக்கிறது. கட்டில் மறைத்திருந்த மூன்றாவது 'டப் டப்' என்றது. மறுபடி தட்டினேன். பலகையின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு, பெயிண்டுக்கு அடியில், நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி. ஓரத்தில் சின்னச் சின்ன மேடு. கீல்.

"இன்னாடி தட்டினு கீற?" அக்காதான். திரும்பாமலே கேட்டாள்.

"இரு அக்கா, ஒரு நிமிஷம்."

தோட்டத்துக்கு ஓடினேன். அந்த ஜன்னலுக்குக் கீழே ரோஸ்மேரிப் புதர் மார்பளவு வளர்ந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் கல் இல்லை. மரம்தான். அதற்கும் கீழே மண்ணில் புதைந்து, தேய்ந்த வாசற்கல் ஒன்று.

ஜன்னல் இல்லை அது. கதவு. மேல்நோக்கி நகரும் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிவிட்டு, கீழே இருக்கும் குட்டிக் கதவு இரண்டையும் திறந்தால் ஆள் நடந்து போகலாம். கட்டியவர்கள் தோட்டத்துக்குப் போக ஒரு வழி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் வரிசை கெடாமல் ஜன்னலாகவே தெரிய வேண்டும் என்றும் நினைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த யாரோ பெயிண்ட் மேல் பெயிண்டாக அடித்து அடைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடமாக அக்கா அந்தக் கதவில் சாய்ந்துதான் தூங்கியிருக்கிறாள்.

உள்ளே வந்து சொன்னேன். கண் சிமிட்டாமல் கேட்டாள்.

"சுரண்டுடி" என்றாள்.

"சரோஜா, வேண்டாம்!" என்று பீட்டர் குறுக்கே வந்து நின்றார். பட்டியலில் உள்ள வீட்டில் கேட்காமல் கை வைத்தால் குற்றம். மறுநாளே வரச் சொல்லி, பழைய வீடுகளைக் கவனிக்கும் அதிகாரிக்கு ஃபோன் செய்தார். பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருக்கிறார், அவருக்கே இந்தக் கதவு தெரியவில்லை.

சாயங்காலம் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நான் கேட்கவில்லை, சீப்பை அவளே நீட்டினாள்.

"அம்மா அன்னிக்கு இன்னா பொடவ கட்டினு இருந்தாங்க?"

"பச்ச சுங்குடி. நீ அனுப்பின காசுல வாங்கினது."

"சாப்ட்டாங்களா?"

"காலையில காப்பி மட்டும். அப்புறம் படுத்தாங்க. கஷ்டப்படலக்கா."

அப்புறம், "நான் வந்திருந்தாலும் அண்ணன் வாசல்லதான் நிக்க வெச்சிருப்பான்" என்றாள். "அத்தக் கூட நான் தாங்கியிருப்பேன்டி. நீ பொய் சொன்னியே."

"ஆமாக்கா."

"இனிமே சொல்லாத."

அவ்வளவுதான். பின்னலை முடித்தேன். அங்கே கோடை; இரவு ஒன்பது மணிக்கும் ஜன்னலில் வெயில் இருந்தது.

அதிகாரி ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக வந்தார். முகத்தில் 'முடியாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். சுவர்க் கனத்தைக் காட்டினேன். அவர் தரையில் முழங்காலிட்டு, விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பையிலிருந்து சின்னக் கத்தி எடுத்து ஓரத்தில் நகத்தளவு பெயிண்டை நீக்கினார். வெள்ளைக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் பழுப்பு, கடைசியில் பித்தளைக் கீல் பளபளத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாய்தள விஷயமாக எத்தனை முறை இந்த அறைக்கு வந்திருக்கிறேன்!" என்றார்.

"இதைத் திறக்க அனுமதி?" என்று பீட்டர் மெல்லக் கேட்டார்.

"திறப்பதற்கு எதற்கு அனுமதி? மூடினானே, அவன்தான் வாங்கியிருக்க வேண்டும்."

வெளியே போடும் சாய்தளத்தைச் சுவரில் பொருத்தாமல், எடுத்துவிடக்கூடியதாக வைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அன்றே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். போகும்போது அக்காவிடம் குனிந்து, "மன்னியுங்கள்" என்றார். எதற்கென்று அக்கா கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அடுத்த நாள் கீத் என்ற தச்சர் வந்தார். பெரிய உருவம், பேச்சு குறைவு. ஒரு காலை முழுவதும் கத்தியால் பெயிண்டைக் கீறியே கழித்தார். பதினொரு மணிக்குக் குட்டிக் கதவு ஒன்று முனகிக்கொண்டு உள்பக்கம் திறந்தது. ரோஸ்மேரி வாசனை அறைக்குள் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள்.

தெருவே அந்தப் பக்கம் மேடேறுவதால் உள்தரைக்கும் தோட்டத்துக்கும் ஒண்ணேகால் அடிதான் உயரம். பதினைந்தடி சரிவு போதும், தோட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் பொருத்தாமல், கனமில்லாமல், வழுக்காமல் எப்படிச் செய்வது என்று கீத் தாடையைத் தடவினார். அவருக்கு இது புதிது. எங்கள் பக்கத்தில் இதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார். வெள்ளம் வந்த பிறகு பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டை மேடாக்கிக் கட்டுகிறார்கள். ரோடும் போடப் போட ஏறுகிறது. ஸ்கூட்டரை ஏற்ற வீட்டுக்கு வீடு இரும்புச் சாய்தளம். அதில் பாதி ஏழுமலையின் பட்டறையில் செய்தது. வீடியோ காலில் கூப்பிட்டேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இன்னா அக்கா, ஃபாரின்ல கூடவா சைட்டு?"

"ஏழுமலை, பதினஞ்சு அடி நீளத்துல ஒரு ராம்ப். மரத்துல."

"பதினஞ்சா? லாரியா ஏத்தப் போறீங்க?"

"எங்க அக்காவ."

ஏழுமலை வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தண்ட யாரு, கார்பெண்டரா? ஃபோன அவராண்ட குடுங்க" என்றார்.

இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்; கொஞ்ச நேரத்தில் நான் தேவைப்படவில்லை. ஏழுமலை கையாலேயே காட்டினார். மூன்று துண்டாகப் போடணும். சேருமிடத்தில் கால் வைக்கணும். "ஓரத்துல ரெண்டு இன்ச்சு தூக்கி வுடச் சொல்லுங்க அக்கா, சக்கரம் வெளிய போவாது. மேல கோழி வலை அடிக்கச் சொல்லுங்க, மழையில வயுக்காது." கீத் பென்சிலால் பலகையிலேயே வரைந்து கேமராவுக்குக் காட்டினார். ஏழுமலை, "கரெக்டு மச்சான்!" என்றார். கீத் என்னைப் பார்த்தார். "சரியாக இருக்கிறது, நண்பா என்கிறார்" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

இரண்டு நாளில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. அக்கா காலையிலேயே புடவை கேட்டாள். எட்டு வருடமாகப் பெட்டியில் இருந்த நீலப் பட்டு. ஒரு பக்கக் கை வராத உடம்புக்கு அதைக் கட்டிவிட அரைமணி ஆனது. பீட்டர் கழுத்தில் டை. ஜன்னலின் கண்ணாடிச் சட்டத்தை இரண்டு கையாலும் மேலே தள்ளினார். உள்ளே கயிற்றில் தொங்கும் இரும்பு எடை கீழே இறங்க, ஜன்னல் தானாக மேலே ஏறி நின்றது. குட்டிக் கதவு இரண்டையும் திறந்தோம். நான் பின்னால் பிடித்துக்கொள்ள, சக்கரம் பலகையில் உருண்டது. கோழி வலை கரகரவென்றது. முகத்தில் வெயில் பட்டதும் அக்கா நல்ல கையைத் தூக்கிக் காட்டினாள், நின்றோம்.

"இன்னா நிக்கிற? போ."

"எங்கக்கா?"

"ரோட்டுக்கு."

பக்கவாட்டு கேட்டைத் திறந்து தெருவுக்குப் போனோம். எதிர்ப்பக்கம் போகச் சொன்னாள். அங்கிருந்து தன் வீட்டை மேலிருந்து கீழே பார்த்தாள். "பெயிண்டு உரிஞ்சி கீது" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் சந்தைக்கு. தெரிந்தவர்கள் கடையிலிருந்து வெளியே ஓடிவந்தார்கள். ரொட்டிக்கடைப் பெண் அழுதாள். மீன்காரர் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அக்கா அவரிடம் மத்தி மீனின் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லி, புதுசில்லை என்று சண்டை போட்டாள். அவர் சந்தோஷமாகச் சண்டை போட்டார். இரண்டு மணி நேரம் அவள் தெருவில்தான் இருந்தாள்.

திரும்பி வந்து தோட்டத்தைப் பார்த்தவுடன் பீட்டர், "ஐயோ" என்றார், தமிழிலேயே. ஜன்னல் கீழே விழுந்திருந்தது. ஒரு பக்கக் கயிறு அறுந்து, சட்டம் கோணலாக நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் முன்வாசல் வழியாக உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து தள்ளினார், நான் வெளியேயிருந்து தள்ளினேன். அசையவில்லை. எடை உள்ளே விழுந்திருக்கிறது. சட்டத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

"மாமா, கீத்துக்கு ஃபோன் பண்ணுங்க" என்றேன். பீட்டர் பதறிக்கொண்டே பையைத் தடவினார். தூறல் விழ ஆரம்பித்தது. குடையை விரித்து அக்காவின் தலைக்கு மேல் பிடித்தேன்.

அவளுக்குத் தோள் குலுங்கியது. குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணர வருசம் உள்ள மாட்டிக்கினு கெடந்தேன். இப்ப வெளிய மாட்டிக்கினேன்." மடியில் இருந்த மீன் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டாள். "அவராண்ட சொல்லுடி, அவசரம் இல்ல. கீத்து மத்தியானம் சாப்ட்டு வரட்டும்."